யாமைப் பார்ப்பும் பரப்புரைத் தமிழும்

அகநானூற்றின் 160-ஆம் பாட்டு குமிழி ஞாழலார் நப்பசலையார் பாடியது. அத்தொகையில் பத்து, இருபது என எண் பெற்ற பாட்டுக்கள் யாவும் நெய்தல் ஆதலின், இதுவும் நெய்தற்பாட்டே. கடலாமை கரையேறி முட்டையிடும் செய்தியை இதனினும் விளங்கக் கூறும் சங்கப்பாட்டு வேறு இல்லை. சூல் முதிர்ந்த ஆமை அடும்பின் கொடி சிதைய ஊர்ந்து, கழியோரத்து வெண்மணல் மேட்டை அடைகின்றது. மறைவாக முட்டையிட்டு மணலில் புதைக்கின்றது. அம்முட்டை யானைக்கோட்டால் கடைந்த வட்டுப் போன்றது, புலால் நாற்றம் உடையது. பார்ப்பு வெளிப்படுங்காறும் ஆண் ஆமை அதனைக் காத்து நிற்கின்றது. பாட்டின் முற்பகுதி தரும் செய்தி இவ்வளவே.

இப்பாட்டு அண்மைக் காலத்தில் வகுப்பறையைக் கடந்து கடற்கரைக்குச் சென்றுளது. கடலாமைக் காப்பினை மக்களுக்கு எடுத்துரைப்போர், தமிழர் ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே ஆமையை அறிந்திருந்தனர், போற்றினர் என்பதற்கு இதனைச் சான்றாகக் காட்டுகின்றனர். பழம்பாட்டு ஒன்று மணலில் நின்று பேசப்படுதல் தமிழ் கற்றார்க்கு மகிழ்ச்சி தருவதே. எனினும் நமக்கு ஓர் ஐயம் உண்டு. பாட்டின் எப்பகுதி கண்டறிந்த செய்தி, எப்பகுதி பாட்டின் பொருட்டு அமைந்தது என்னும் வரையறை இப்பரப்புரையில் இல்லை. ஆமை பற்றிய தமிழ் வழக்குக்கள் பலவும் இங்ஙனமே வரையறையின்றி ஒருங்கு கலக்கப்படுகின்றன. அக்கலப்பினால் இலக்கியமும் பிழைபடுகின்றது. ஆமைக்கும் நன்மை விளைவதில்லை. இதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

பரப்புரையின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவாம். சென்னைக் கடற்கரையில் இரவில் நடந்து ஆமை முட்டைகளைத் தேடிக் காக்கும் முயற்சி 1970-களின் தொடக்கத்தில் தோன்றியது. 1988-இல் மாணவர் கடலாமைக் காப்பு வலையமைப்பு எழுந்து அப்பணியை மேற்கொண்டது. சனவரி முதல் ஏப்பிரல் வரை, நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட கரையில் தொண்டர்கள் நள்ளிரவு தொட்டு விடியல் வரை நடக்கின்றனர். ஆமை புதைத்த நூறளவான முட்டைகளை எடுத்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைக்கின்றனர். நாற்பத்தைந்து முதல் அறுபது நாள்களில் வெளிப்படும் பார்ப்புக்களைக் கடலில் விடுகின்றனர். பொதுமக்களையும் உடன் அழைத்துச் சென்று விளக்குதல் இப்பணியின் ஒரு கூறு. மேடைப்பேச்சினும் இந்நடை கற்பிப்பது மிகுதி என்பது நம் கருத்து. நகர விளக்கின் ஒளியைக் கடல் என மயங்கிச் சாலை நோக்கி ஊரும் பார்ப்பினை ஒருமுறை கண்டவர்க்கு விரிவுரை வேண்டுவதில்லை.

இனிப் பாட்டிற்கு வருவாம். அடும்பு படர்ந்த மணல்மேடு, மறைத்துப் புதைத்தல், முட்டையின் வடிவும் வெண்மையும் நாற்றமும் ஆகிய இவை கண்டார் கூற்று. இன்றும் அடும்பு படர்ந்த மேட்டு மணலில் ஆமை முட்டையிடுதலைக் காணலாம். ஆனால் ஆண் ஆமை காத்து நிற்றல் உண்மையன்று. கடலாமையுள் பெண்ணே முட்டையிடக் கரையேறுவது. அதுவும் மணலை மூடியபின் கடலுக்குத் திரும்பிவிடும். புதைத்த முட்டைக்குத் தாயும் இல்லை, தந்தையும் இல்லை. நரியும் நாயும் மனிதரும் தோண்டினால் தடுப்பார் இலர்.

அங்ஙனமாயின் நப்பசலையார் பிழை செய்தாரா? அறிவியல் வழி நோக்குவார் சிலர் ஆம் என்பர். பழம்பெருமை பேசுவார் சிலர், ஆண் காத்தலும் உண்மையே, இன்று நாம் காணவில்லை என்பர். இருதிறத்தாரும் பாட்டின் பிற்பகுதியைப் படிக்கவில்லை. பிற்பகுதியில் தலைவனின் தேர் வருகின்றது. முன்னர் அது கழியை நீந்தி, நெய்தல் மலர்கள் சக்கரத்தில் சிதைய, இரவில் வந்தது. இப்பொழுதோ மறைவின்றி, இளையர் ஆரவாரத்துடன், அலர் தூற்றும் சிற்றூர் காணப் பகலில் வருகின்றது. தோழியின் நெஞ்சு நடுங்குகின்றது. தலைவிக்கும் அவ்வாறோ என வினவுகின்றாள். களவு வெளிப்படும் தறுவாயில் நிற்கும் பாட்டு இஃது. மறைவாக இட்ட முட்டை களவொழுக்கம். அது பார்ப்பாகி மணலை விட்டு வெளிவரும் நாள் வரைவு. அந்நாள் வரும்வரை காப்பவன் ஒருவன் வேண்டும். அவனைப் பாட்டிற்குள் கொணர்தற்பொருட்டே ஆண் ஆமைக்குக் ‘கணவன்’ என்னும் மக்கட் பெயரைப் புலவர் சூட்டினார் எனக் கொள்கின்றோம். கருப்பொருளின் இயல்பை ஒட்டி வந்த பாட்டு, காப்பு என்னும் ஓரிடத்தில் மட்டும் இயல்பைக் கடந்து செல்கின்றது. கடந்து செல்லும் அவ்விடத்திலேயே உள்ளுறை குடிகொண்டுளது. ஆகவே இதனைப் பிழை என்பதும் சான்று என்பதும் ஒருங்கே பொருந்தா.

பரப்புரையாளர் இப்பாட்டைக் கையாளுதல் கூடாது என்பது நம் கருத்தன்று. முழுமையாகக் கையாளுக என்பதே. பாட்டில் உள்ள காவலன் மணலில் இல்லை என்பதை மாணவர்க்கு முதலில் சொல்லிப் பின்னர்ப் பொரிப்பகத்தின் வேலியைக் காட்டினால், அவ்வேலி எதன்பொருட்டு என்பது தானே விளங்கும்.

தாய்மை பற்றிய வழக்குக்களோ இதனினும் பெரிய மயக்கத்திற்கு இடம் தந்துள்ளன. ஐங்குறுநூற்றின் 44-ஆம் பாட்டு, ஆமையின் இளம்பார்ப்பு தாயின் முகம் நோக்கி வளர்தலை உவமையாக்குகின்றது. குறுந்தொகையின் 152-ஆம் பாட்டில், காதலர் கைவிட்ட காமம் ஆமைப் பார்ப்பினை ஒத்தது, தாயற்ற முட்டை போல உள்ளேயே கிடந்து அழிவது என்கின்றாள் தலைவி. சைவ நூலார் தீக்கை வகைகளை விளக்குமிடத்து, மீன் பார்வையாலும் ஆமை நினைவாலும் பறவை பரிசத்தாலும் தத்தம் முட்டையைப் பொரிக்கும் என முறையே நயன, மானச, பரிச தீக்கைகட்கு உவமை கூறுவர். உரையாசிரியர் பலரும் இந்நம்பிக்கையைத் தழுவியே பொருள் எழுதினர். கடலில் இருந்து தாய் நினைந்துகொண்டிருக்கும், அந்நினைவே முட்டையைப் பொரிக்கும் என்னும் கருத்து சமயத்தில் மிக ஆழ்ந்த பொருள் தருவது. குருவருளுக்கு அதனினும் நயமான உவமை அரிது. ஆயினும் கடற்கரையில் அதனைச் சொல்லுதல் தீங்கு. முட்டையைப் பொரிப்பது மணலின் வெம்மை. அவ்வெம்மையின் அளவே பார்ப்பு ஆணா பெண்ணா என்பதையும் உறுதி செய்கின்றது. வெப்பம் மிகின் பெண் மிகும். தாயின் நினைவு காக்கும் என நம்புவார்க்கு மணலின் நிழலும் ஈரமும் ஒரு பொருட்டாகத் தோன்றா. கடலாமை முட்டை ஒவ்வொன்றும் குறுந்தொகைத் தலைவி அஞ்சிய அந்தத் தாயற்ற முட்டையே. பார்ப்புக்களுள் ஆயிரத்தில் ஒன்றே வளர்ந்து முதிரும் என மதிப்பிடுவர்.

ஈண்டுத் திணை வேறுபாட்டை நினைத்தல் வேண்டும். ஐங்குறுநூற்றின் முதல் நூறு ஓரம்போகியார் பாடிய மருதம். அதிலுள்ள ஆமை பொய்கையில் வாழ்வது. அகநானூற்று ஆமை நெய்தலுக்கு உரியது. புலவர்கள் இரண்டனையும் கலக்கவில்லை, கலந்தவர் நாமே. ஐம்பொறி அடக்கத்திற்கு ஆமையை உவமித்த 126-ஆம் குறளைக் கடலாமைப் படத்தின் கீழ் எழுதி வைக்கும் வழக்கம் இக்கலப்பின் விளைவு. கடலாமைக்குத் தலையையும் துடுப்புக் கால்களையும் ஓட்டினுள் அடக்கும் ஆற்றல் இல்லை. வள்ளுவர் கருதிய ஆமை குளத்திலும் வயலிலும் திரிவது. செட்டிநாட்டுப் பிள்ளைகள் ஊருணிப் படித்துறையில் அதனைக் கண்டு வளர்கின்றனர். தொட்டால் உள்ளிழுக்கும் என்பதையும் அறிவர். கடலாமையும் அவ்வாறே தன்னைக் காத்துக்கொள்ளும் என அப்பிள்ளை எண்ணினால் குற்றம் யாருடையது? வலையில் அகப்பட்ட கடலாமைக்கு ஒடுங்கும் வழியும் இல்லை, ஒளியும் வழியும் இல்லை.

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா என்னும் பழமொழியைப் பற்றியும் ஒன்று சொல்லுதல் தகும். இப்பழமொழி ஆமைக்குப் பழி தேடுகின்றது எனக் கருதிய நல்லோர் சிலர், ஈண்டு ஆமை என்பது உயிரன்று, கல்லாமை முயலாமை பொறாமை முதலியவற்றின் ஈறு என விளக்குகின்றனர். விளக்கம் நயமானது, மேடையில் கைதட்டல் பெறுவது. ஆயினும் அமீனா நீதிமன்ற ஆணையுடன் நேரே வாயிற்படி ஏறி வருபவர். அவரோடு இணைத்துச் சொல்லப்பட்ட ஆமையும் படியேறி வரும் உயிராதலே பொருத்தம். அன்றியும் அமீனா என்பது அரபு வழி வந்த சொல். ஆதலின் இவ்வடிவிலுள்ள பழமொழி மிகப் பழமையானதன்று. கொடுக்கல் வாங்கலில் வாழ்ந்த செட்டிநாட்டில் அமீனாவை அறியாதார் இலர்; ஆமையின்மேல் அவ்வளவு வெறுப்புக் கொள்ளக் காரணமும் இல்லை. பழமொழியை இலக்கணத்தால் திருத்தி ஆமையைக் காக்க முயல்வதினும், இஃது அண்மைக் காலத்து நம்பிக்கை, விட்டுவிடுக என்று சொல்லுதல் நேரிது.

பண்டைத் தமிழர் ஆமையைப் போற்றினர் என்னும் கூற்றும் அளவறிந்து கூறற்பாலது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் வயலாமையின் வேகவைத்த இறைச்சியை உண்டதைக் குறிக்கின்றது. நகரத்தார் தம் முன்னோர் வாழ்ந்த ஊர் எனக் கருதும் பட்டினமும் அதுவே. உண்டாரை இகழ்தற்கு இதனைக் கூறவில்லை. உண்டதும் அறிந்ததும் ஒரே மக்களின் வாழ்வில் இயைந்திருந்தன என்பதற்கே கூறினோம். இவ்வாறே ஆமை செல்லும் நீரோட்டத்தைப் பின்பற்றித் தமிழ் மாலுமிகள் கடல் கடந்தனர் என்னும் கருத்து இன்று பெரிதும் பரவியுள்ளது. கேட்க இனிதாயினும், ஆமை கலத்திற்கு வழிகாட்டியதாகச் சங்கப் பாட்டு ஒன்றேனும் கூறவில்லை. ஆமை தான் பிறந்த கரைப்பகுதியை நிலத்தின் காந்தப் புலத்தை உணர்ந்து தேடி வருகின்றது என ஆய்வாளர் கண்டுள்ளனர். அவ்வியப்பே போதும், அதன் முதுகில் நம் பெருமையை ஏற்றுதல் வேண்டா.

இனிப் பரப்புரையின் சொற்களை நோக்குவாம். இத்துறையில் ‘விழிப்புணர்வு’ என்னும் சொல் இன்றித் தாளும் இல்லை, தட்டியும் இல்லை. விழிப்பூட்டுதல் எனின் உறங்குவார் ஒருவர் இருத்தல் வேண்டும். அவர் யார்? கடற்கரைச் சிற்றூர்களில் இச்சொல் மீனவரைச் சுட்டியே வழங்குகின்றது. ஆமை நடை நிகழும் நள்ளிரவில் பலர் கடலில் வலையருகே விழித்திருப்பர். ஆமை எந்த நீரில் மேயும், எத்திங்களில் கரையை அணையும் என்பவற்றை நமக்குச் சொல்லத்தக்கவர் அவரே. அவரை உறங்குவாராக வைத்துத் தொடங்கும் கல்வி, தொடக்கத்திலேயே கேட்போரை இழந்துவிடுகின்றது.

சொல் பிறழ்ந்தமையால் பொருளும் பிறழ்ந்தது. 2025 சனவரியில் சென்னை, செங்கற்பட்டுக் கரைகளில் ஆயிரத்திற்கு மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கின. ஆமை நுரையீரலால் மூச்சுவிடுவது. இழுவலையுள் நெடும்பொழுது அகப்பட்டால் நீரில் மூழ்கியே இறக்கும். முட்டையைக் காக்கும் கல்வியில் நாம் ஐம்பது ஆண்டு தேர்ச்சி பெற்றுள்ளோம். வலையைப் பற்றிய கல்வியில் அத்தேர்ச்சி இல்லை. முட்டை பற்றிப் பேசுதல் எளிது. பள்ளிப்பிள்ளை கேட்கும், கைதட்டும். வலை பற்றிப் பேசுதல் அரிது. விசைப்படகு உரிமையாளரின் வருவாயும் தொழிலாளரின் கூலியும் நாட்டுப்படகினரின் மனக்குறையும் உடன் எழும். வலையின் இடையே சட்டம் பொருத்தி, ஆமை வெளியேறவும் இறால் தங்கவும் செய்யும் அமைப்பு ஒன்றைக் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கியுள்ளது. இறாலோடு மீனும் ஓரளவு தப்பும் என்பது வலைஞரின் அச்சம். அவ்வச்சத்தை ஏற்றுக்கொண்டு விடை கூறும் தமிழ்நூல் வேண்டும். 1996-இல் அமெரிக்க ஐக்கிய நாடு இவ்வமைப்பு இல்லாத நாடுகளின் இறாலைத் தடுத்தது. இந்தியா உள்ளிட்ட நான்கு நாடுகள் உலக வணிக அமைப்பில் வழக்காடின. முடிவு 1998-இல் வந்தது. 2019-இல் கடலில் பிடித்த இந்திய இறாலை அந்நாடு மீண்டும் தடுத்தது. கரையில் இருப்பவனின் உலைநீரைத் தொடும் இச்செய்தி பரப்புரைத் தாள்களில் இடம்பெறுதல் அரிது. ஆமையின் கண்ணீரோ எல்லாத் தாளிலும் உண்டு. அதுவும் உப்பைக் கழிக்கும் சுரப்பே அன்றி அழுகை அன்று.

பெயர்களைப் பற்றிச் சற்று விரித்துரைத்தல் நம் துறைக்கு உரியது. இந்தியக் கடலில் ஐவகைக் கடலாமைகள் உள. தமிழகக் கரையில் மிகுதியாக முட்டையிடுவதைத் தாள்கள் ‘ஆலிவ் ரிட்லி’ என்று எழுதுகின்றன. ஆலிவ் என்னும் காயை நெய்தல் நிலத்தார் மரத்தில் கண்டறியார். கடற்கரை வழக்கில் அதற்குப் பங்குனி ஆமை என்றும் சிற்றாமை என்றும் பெயர். முதற்பெயர் பருவத்தைக் காட்டுகின்றது. இரண்டாவது ஏனையவற்றோடு ஒப்பிட்டு அளவைக் காட்டுகின்றது. பச்சை ஆமை பேராமை எனப்படும். ஓட்டில் ஏழு வரம்புகள் நீண்டோடும் மிகப் பெரிய ஆமை ஏழுவரி ஆமை. எண்ணிப் பார்த்தே இட்ட பெயர் என்க. பருந்தின் அலகு போன்ற வாயுடையது அழுங்காமை. அழுங்கு என்பது செதில் அடுக்குடைய எறும்புதின்னிக்கும் பெயர். இவ்வாமையின் ஓட்டுத் தகடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தே கிடக்கும். பெயர் ஒற்றுமை நோக்கத்தக்கது. இப்பெயர்கள் யாவும் தம்முள்ளே விளக்கம் கொண்டவை. இவற்றை விலக்கி அயற்பெயரைக் கற்பித்து, அதன்பின் அயற்பெயருக்கு விளக்கமும் கற்பித்தல் இருமடங்கு உழைப்பு. ‘குஞ்சு’ என்பதன் அருகே ‘பார்ப்பு’ என்னும் சொல்லையும் மீட்டல் ஆகும். பறப்பனவற்றுக்குரிய பார்ப்பு, பிள்ளை என்னும் இளமைப் பெயர்களைத் தவழ்வனவற்றுக்கும் தொல்காப்பிய மரபியல் உரிமையாக்குகின்றது.

சிவகங்கை மாவட்டத்திற்குக் கடற்கரை இல்லை. கடலாமை பற்றிக் காரைக்குடியில் இருந்து எழுதுதல் சிலர்க்கு நகைப்பாகலாம். தேவகோட்டை, திருவாடானை வழியாகக் கிழக்கே சென்றால் தொண்டி. அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் மற்றும் கடலோரவியல் துறை அங்கேயே உள்ளது. தொண்டிக் கடல் சென்னைக் கடலைப் போன்றதன்று. பாக்கு நீரிணையின் ஆழம் குன்றிய நீரில் கடற்புல் செழித்து வளர்கின்றது. பேராமை அதனை மேய்ந்து வாழ்கின்றது. அக்கடற்புல்லையே உண்ணும் கடற்பசுவுக்கு, வடக்கே தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடற்பரப்பில் 448 சதுரக் கிலோமீட்டர் அளவில் 2022-இல் காப்பகம் அமைந்தது. சென்னையில் பிறந்த பரப்புரை இரவு நடையையும் பொரிப்பகத்தையும் நடுவாகக் கொண்டது. மேயும் ஆமையே மிகுதியாக உள்ள கரைக்கு அதனை அப்படியே கொண்டுசெல்லுதல், மருதத்து ஆமையை நெய்தலில் விட்டது போன்றதாகும். தொண்டியில் சொல்லத்தக்கது புல்லைப் பற்றி. புல்லை அரித்துச் செல்லும் வலையைப் பற்றி. வலையில் உயிரோடு அகப்பட்ட ஆமையை மீண்டும் நீரில் விடும் முறையைப் பற்றி. 1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர்ச் சட்டத்தின் முதற் பட்டியலில் ஆமை உள்ளமையால், அகப்பட்டதைச் சொன்னால் வழக்கு வருமோ என அஞ்சி மறைத்துவிடும் நிலை ஏற்படலாம். வலையில் தானே அகப்பட்டதை விடுவித்தல் குற்றமாகாது என்பதைத் தெளிந்த தமிழில் கூறும் ஒரு தாள், நூறு தட்டிகளினும் பயன் தரும்.

அத்தாளை எழுதுவார் யார் என்பதே எஞ்சியுள்ள வினா. கடலியலார்க்குப் பொருள் தெரியும். மீனவர்க்குப் பெயரும் பருவமும் நீரின் போக்கும் தெரியும். தமிழ்த்துறையார்க்குச் சொல் தெரியும், பாட்டும் உரையும் தெரியும். முதுகலை மாணவர் இருவர் மூவர் ஒரு பருவகாலம் தொண்டி முதல் தேவிபட்டினம் வரை ஊர் ஊராகச் சென்று, ஆமைக்கும் கடற்புல்லுக்கும் வலையின் உறுப்புக்களுக்கும் வழங்கும் பெயர்களை ஊர்ப்பெயர் குறித்துத் தொகுத்தால், பரப்புரைக்கு வேண்டிய சொல்லகராதியின் முதற்படி அமைந்துவிடும். அம்மாணவர் அகநானூற்று 160-ஆம் பாட்டையும் உடன் கொண்டுசென்று, ஆண் ஆமை காக்கும் என்னும் பகுதியை அங்குள்ள முதியோரிடம் வினவி, அவர் கூறும் விடையையும் தொகுப்பில் சேர்த்தல் வேண்டும்.